"இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம்" என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்." தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது மூச்சு விடுவதுபோல வரும். சின்ன வயதில் எனக்கு இந்த வரி பள்ளிக்கூட மணி மாதிரி. குடும்ப ஜெபத்தில் தாத்தா "இனிய நாமத்தில்" என்று ஆரம்பித்தாலே, தூங்கி வழிந்துகொண்டிருந்த நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். ஜெபம் முடியப்போகிறது, சாப்பாடு வரப்போகிறது. அதற்கு மேல் அந்த வரியைப் பற்றி நான் யோசித்ததில்லை. சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் கேட்டார்கள். அப்புறம் அவர்களைக் கூட்டிப்போக வந்த அப்பா அம்மாக்களும் கேட்டார்கள். அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன், அதனால் வசனங்கள் பெரும்பாலும் பழைய திருப்புதல் என்கிற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து.

இப்படி ஜெபிக்கச் சொன்னது யார்?

இயேசுவே சொன்னார். அதுவும் கடைசி இரவில். யோவான் சுவிசேஷத்தில் 14 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களில், "என் நாமத்தினாலே" கேட்பதைப் பற்றி ஆறு வசனங்கள் வருகின்றன. முதலாவது 14:13: "நீங்கள் என் நாமத்தினாலே எதைக் கேட்பீர்களோ, குமாரனில் பிதா மகிமைப்படும்படியாக, அதைச் செய்வேன்."

அவர் இதை எப்போது சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். யூதாஸ் இருட்டுக்குள் எழுந்து போய்விட்டான். மீதிப்பேர் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்களுக்கு எது வேண்டுமென்றாலும் பக்கத்தில் இருக்கிற இயேசுவைக் கேட்பார்கள். படகில் தண்ணீர் ஏறினால் அவரைத் தட்டி எழுப்புவார்கள். இனி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப்போவதில்லை. "இதுவரைக்கும் நீங்கள் என் நாமத்தினாலே ஒன்றும் கேட்கவில்லை" என்று 16:24-இல் சொல்வதன் பொருள் இதுதான். ஊருக்குப் புறப்படுகிறவர், "நான் இல்லையே என்று யோசிக்காதே, என் பேரைச் சொல்லிக் கேள்" என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி.

"நாமத்தில்" என்றால் சரியாக என்ன அர்த்தம்?

இதற்குத் தமிழர்களுக்குப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை. "அப்பா பேரைக் கெடுத்திடாதே", "அவர் பேரைச் சொன்னாலே போதும்", "நீ யார் பேரைச் சொல்லி வந்திருக்கே?" என்றெல்லாம் பேசுகிறோமே, அங்கே பேர் என்பது வெறும் கூப்பிடும் சொல் இல்லை. அந்த ஆள், அவருடைய மதிப்பு, அவர் வார்த்தைக்கு உள்ள எடை எல்லாம் சேர்ந்தது பேர். எபிரெயர்களிடமும் இதே வழக்கம் இருந்தது.

எங்கள் தெருமுனையில் ஓர் அண்ணாச்சி கடை இருந்தது. எங்கள் வீட்டுக்கு அங்கே மாதக் கணக்கு. கையில் காசே இல்லாமல் போய், "அப்பா கணக்கில் எழுதிக்கோங்க" என்றால் ஒரு கிலோ உளுந்து, அரை லிட்டர் நல்லெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் பேச்சில்லாமல் வரும். பத்து வயதுப் பையனை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்? அப்பாவின் பேருக்குக் கொடுத்தார். ஒருநாள் அதே குரலில் அதே வாக்கியத்தைச் சொல்லி நாலு பாக்கெட் சாக்லேட் கேட்டேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்பாவா இதை வாங்கிட்டு வரச் சொன்னாங்க?" நான் சொன்ன வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அது அப்பா பேரில் கேட்டதாக ஆகவில்லை. எனக்குக் காது சிவந்துபோய்த் திரும்பி வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இயேசுவின் நாமத்தில் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். கேட்கிறவனுக்கென்று சொந்தமாக ஒரு தகுதியும் வேண்டாம். அவருடைய கணக்கில் கேட்கிறான். ஆனால் கேட்கிற பொருள் அவர் தம் பேரைப் போட்டுக் கேட்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

வேதத்திலேயே இதற்கு நல்ல கதை ஒன்று இருக்கிறது, அதிகம் பிரசங்கிக்கப்படுவதில்லை. 1 சாமுவேல் 25. தாவீது வனாந்தரத்தில் ஒளிந்து திரிகிற காலம். மூவாயிரம் ஆடும் ஆயிரம் வெள்ளாடும் வைத்திருந்த நாபால் கர்மேலில் மயிர் கத்தரிக்கிறான். தாவீது பத்து வாலிபரை அனுப்பிச் சாப்பாடு கேட்கிறான். அவர்கள் போய் "தாவீதின் நாமத்தினாலே" சொல்லிவிட்டு நிற்கிறார்கள். நாபாலோ "தாவீது என்பவன் யார்? ஈசாயின் குமாரன் யார்?" என்கிறான். வந்த பத்துப் பேர்மேல் சீறினான்தான், ஆனால் அவன் இகழ்ந்தது அவர்களை அனுப்பினவனை. தாவீது பட்டயத்தைக் கட்டிக்கொண்டு நானூறு பேரோடு கிளம்பிவிட்டான். தன் பேரில் போனவர்களைத் தட்டிக்கழித்தால் அது தன்னையே தட்டிக்கழித்தது. நாமம் என்ற சொல்லுக்கு அவ்வளவு கனம்.

"நாமத்தினாலே" என்று சொல்ல வேண்டுமா, "நாமத்தில்" என்று சொல்ல வேண்டுமா?

எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் கேள்வி அழகானது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பழைய திருப்புதல் "நாமத்தினாலே" என்கிறது, மூன்றாம் வேற்றுமை. ஜெபத்தில் நம் வாயில் வருவது பெரும்பாலும் "நாமத்தில்", ஏழாம் வேற்றுமை. கத்தோலிக்கர்கள் படிக்கும் பொது மொழிபெயர்ப்பில் "என் பெயரால்". கிரேக்க மூலத்தில் இருக்கிற சின்ன முன்னிடைச்சொல் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும். தமிழில்தான் ஓர் உருபைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

"ஆல்" என்றால் காரணமும் கருவியும்: அவர் செய்து முடித்ததனால் நான் உள்ளே வர முடிகிறது. "இல்" என்றால் இடம்: அவருக்குள் நின்றுகொண்டு பேசுகிறேன். இரண்டாவது பொருளுக்கும் அதே யோவானில் ஆதாரம் இருக்கிறது. "நீங்கள் என்னிலும், என் வார்த்தைகள் உங்களிலும் நிலைத்திருந்தால், நீங்கள் கேட்டுக்கொள்வதெதுவோ அது உங்களுக்குச் செய்யப்படும்" (15:7). திராட்சச்செடியும் கொடியும் உவமைக்கு நடுவில் வருகிற வசனம். செடியில் நிற்கிற கொடி எதைக் கேட்கும்? செடியில் ஓடுகிற சாற்றைத்தான் கேட்கும்.

உருபுக்காகவா இவ்வளவு பேச்சு என்று கேட்காதீர்கள். நாலாம் நூற்றாண்டில் செசரியா நகரத்துப் பேராயர் பசிலியார், துதிப்பாடலில் "குமாரன் மூலமாக, பரிசுத்த ஆவியில்" என்று ஒருமுறையும் "குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும்" என்று மறுமுறையும் சொன்னதற்குச் சண்டை வந்து, 375 வாக்கில் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதவேண்டி வந்தது. நம்மூர் இலக்கண வாத்தியார்கள் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

கடைசியில் அந்த வரியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜெபம் கேட்கப்படாதா?

கேட்கப்படும். தண்ணீரில் அமிழ்ந்துபோன பேதுரு, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்பதோடு நிறுத்திக்கொண்டான். முடிவுரைக்கு நேரமில்லை. ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) சொன்னது "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்பது மட்டும்; நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனது அவன்தான்.

இன்னும் ஒன்று. இயேசுவே கற்றுக்கொடுத்த "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" ஜெபத்தில் "இயேசுவின் நாமத்தில்" என்ற சொல் கிடையாது. அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் சபையார் ஒருமனப்பட்டு ஏறெடுக்கிற ஜெபத்தில் இயேசுவின் நாமம் வருகிறது, ஆனால் "உம்முடைய பரிசுத்த பிள்ளையாகிய இயேசுவின் நாமத்தினாலே" அற்புதங்கள் நடக்கும்படி கேட்கிற விண்ணப்பத்துக்குள் வருகிறது. நாம் சொல்வதுபோல "இயேசுவின் நாமத்தில், ஆமென்" என்று முடிகிற ஜெபம் ஒன்றுகூடப் புதிய ஏற்பாட்டில் எழுதப்படவில்லை.

இதைச் சொன்னதும் ஒரு பாட்டி பதறிவிட்டார். "அப்போ இவ்வளவு நாள் சொன்னது வீணா?" இல்லை பாட்டி. அது நல்ல வரி. கடிதத்தின் அடியில் போடுகிற தபால் முத்திரை இல்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

அப்படியானால் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

விதை பவுலின் நிருபங்களிலேயே இருக்கிறது. "இயேசுகிறிஸ்துமூலமாய்" ஸ்தோத்திரம் செலுத்துகிறேன், மகிமை உண்டாவதாக, ஆமென் என்று ரோமருக்கு எழுதியதில் தொடக்கத்திலும் முடிவிலும் வருகிறது. புதிய ஏற்பாட்டுக் காலத்தை ஒட்டி எழுந்த டிடாக்கே என்ற சிறு ஒழுங்குநூலில், அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் நன்றி சொல்லும் ஜெபங்களில் "உம் தாசனாகிய இயேசு மூலமாக" என்று வருகிறது. இங்கே தாசன் என்றிருக்கிற கிரேக்கச் சொல்லும், மேலே அப்போஸ்தலரில் "பிள்ளை" என்றிருப்பதும் ஒரே சொல்.

அப்புறம் அது வழிபாட்டு முறையாக உறைந்தது. 393-இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் கூடிய ஆயர் மன்றம், பலிபீடத்தில் ஏறெடுக்கும் ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்கவேண்டும் என்று ஒழுங்கு செய்தது. இன்றைக்கும் கத்தோலிக்கத் திருப்பலியில் "எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக" என்று மன்றாட்டுகள் முடிவதையும், நற்கருணை மன்றாட்டின் உச்சியில் குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தி "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று சொல்வதையும் கேட்கலாம். மூன்று உருபையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். பசிலியார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். எங்கள் சபை ஆராதனை முறையிலும் அன்றன்றைக்குரிய ஜெபம் "எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்து மூலம்" என்றுதான் முடியும். வீட்டில் தாத்தா சொன்ன "இனிய நாமத்தில்" இதனுடைய வீட்டு உடை.

"எதைக் கேட்டாலும் செய்வேன்" என்றாரே. நான் கேட்டது கிடைக்கவில்லையே?

இதை யாரும் சபை நடுவில் கேட்பதில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்பார்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ் என்று பதினோரு மாதம் ஓடியது. ஒவ்வொரு ராத்திரியும் இயேசுவின் நாமத்தில்தான் கேட்டோம். நானும், அப்பாவும், தங்கச்சியும், தெருவில் பாதிப்பேரும். அம்மா போய்விட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த ஒருவர், காப்பியைக் குடித்துக்கொண்டே, "அந்த நாமத்தை முழு விசுவாசத்தோட சொல்லியிருந்தா தேவன் செஞ்சிருப்பார்" என்றார். அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது வேதமும் இல்லை.

வேதம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், கேட்டும் கிடைக்காதவர்கள் வரிசையில் முதலில் நிற்பவர் இயேசுவே. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில், வரப்போகிற பாடுகளாகிய பாத்திரம் நீங்கவேண்டும் என்று கேட்டார். நீங்கவில்லை. "ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டான். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". இவர்கள் இரண்டு பேருக்கும் விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

"எதைக் கேட்டாலும்" என்ற வாக்கியத்தைப் பாதியில் வெட்டிவிடுகிறோம் என்பதும் உண்டு. 14:13-இல் நடுவிலேயே "குமாரனில் பிதா மகிமைப்படும்படியாக" என்று இருக்கிறது. அண்ணாச்சி கடையில் என்னிடம் கேட்ட கேள்விதான் அது. யோவானே பிறகு தன் நிருபத்தில் இன்னும் பச்சையாக எழுதுகிறான்: "நாம் எதையாகிலும் அவருடைய சித்தத்தின்படி கேட்டால், அவர் நமக்குச் செவிகொடுக்கிறார்" (1 யோவான் 5:14). இச்சைகளுக்குச் செலவழிக்கக் கேட்டால் கிடைக்காது என்று யாக்கோபும் சொல்கிறான். யாக்கோபின் அந்த வசனத்தை நம் சொந்த ஜெபத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் எடுத்து வீசக்கூடாது.

அப்படியானால் அம்மா பிழைக்கவேண்டும் என்று கேட்டது அவர் பேருக்கு ஒவ்வாததா? இல்லை. லாசருவின் கல்லறையில் அழுதவர் அவர். அந்த விண்ணப்பத்தின் கீழ் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். பிறகு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கெத்செமனேயில் நின்றவரின் பேரில்தான் கேட்டோம் என்பது மட்டும் தெரியும்.

பிரசங்கங்களில் "தொகை எழுதாத செக்கில் இயேசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்" என்று ஓர் உவமை சொல்வார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. செக் கொடுத்தவரோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் பணம் எடுக்கலாம். இங்கே கொடுத்தவரை விட்டுத் தனியாக எடுக்க ஒன்றும் கிடையாது. உவமை வேண்டுமென்றால் சொத்து விஷயத்தில் "பவர்" எழுதிக் கொடுப்பது கொஞ்சம் பொருந்தும். பவர் வாங்கினவர் எழுதிக் கொடுத்தவருக்காகக் கையெழுத்துப் போடலாம், ஆனால் பத்திரத்தில் சொன்ன காரியத்துக்கு மட்டும். அதை வைத்துத் தனக்கென்று வேறு சொத்தைச் சுருட்டினால் அதற்குப் பேர் மோசடி.

சில கூட்டங்களில் "இயேசுவின் நாமத்தினாலே கட்டளையிடுகிறேன்" என்கிறார்களே, அதுவும் ஜெபமா?

கண்டிப்பாகப் பார்த்தால் அது ஜெபம் இல்லை. ஜெபம் தேவனை நோக்கிப் பேசுவது. இது வியாதியை நோக்கியோ பிசாசை நோக்கியோ பேசுவது. வேதத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்த முடவனிடம் பேதுரு "நசரேயனாகிய இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே நீ எழுந்து நட" என்றான். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தபோது அவன் முதலில் சொன்னது, "எங்கள் சுயசக்தியினாலாவது, சுயபக்தியினாலாவது" இது நடக்கவில்லை என்பது. அந்த இரண்டாவது வாக்கியம் கேட்கிற இடத்தில் முதல் வாக்கியத்தை நான் நம்புவேன். தேவனுக்கே கட்டளை போடுகிற தொனி வந்துவிட்டால், எழுந்து வந்துவிடுவது நல்லது.

அந்தப் பெயரின் ஒலியிலேயே சக்தி இருக்கிறதா? திரும்பத் திரும்பச் சொன்னால் பலன் உண்டா?

நம் மண்ணில் இந்தக் கேள்வி இயல்பாக வரும். ஜெபம் என்ற சொல்லே சமஸ்கிருத "ஜப"விலிருந்து வந்தது; மந்திரத்தை மெல்ல ஓதிக்கொண்டிருப்பது என்று அதற்குப் பொருள். சொல் கிறிஸ்தவத்துக்குள் வந்தபோது "விண்ணப்பம்" என்று பொருள் மாறிக்கொண்டது. ஆனால் பழைய வாசனை முழுதாகப் போகவில்லை.

ஒலியில் சக்தி இருக்கிறதென்று நினைத்தவர்களின் கதை அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. எபேசுவில் ஸ்கேவா என்பவனின் ஏழு குமாரர், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரைச் சொல்லிப் பிசாசை ஓட்டப் பார்த்தார்கள். ஆவி திருப்பிக் கேட்டது: "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" அவர்கள் காயப்பட்டு, உடுப்பில்லாமல் ஓடினார்கள். சொன்ன பேர் சரியான பேர்தான். அந்தப் பேருக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

இதோடு மாற்கு 9-ஐயும் சேர்த்துப் படிக்கவேண்டும், இல்லையென்றால் நாம் வாசல் காவலர் ஆகிவிடுவோம். "ஒருவன் உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்துகிறான், நம்மோடு வராதவன், தடுத்தோம்" என்று யோவான் பெருமையாகச் சொல்கிறான். இயேசுவின் பதில்: "அவனைத் தடுக்கவேண்டாம்." யாருக்கு அந்தப் பேரோடு சம்பந்தம் இருக்கிறது என்று தீர்மானிக்கிற வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை.

திரும்பச் சொல்வதைப் பொறுத்தவரை, கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஒரு வரியை மூச்சோடு சேர்த்து நாளெல்லாம் சொல்கிற பழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. அதை வெறும் மந்திரம் என்று நான் ஒதுக்கமாட்டேன். அது ஒருவரைக் கூப்பிடுகிற வரி, கேட்கிற வரி. ஆனால் அங்கேயும் சண்டை வந்தது. கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையில் இருந்த ரஷ்யத் துறவிகளில் ஒரு பகுதியார், தேவனுடைய நாமமே தேவன் என்ற அளவுக்குப் போனார்கள். 1913-இல் ரஷ்யக் கப்பல்கள் வந்து நூற்றுக்கணக்கான துறவிகளை மலையிலிருந்து இறக்கி ஏற்றிக்கொண்டு போயின. ஒரு பேரைப் பற்றிய வாதத்துக்குக் கடற்படை வந்தது.

இயேசு, யேசு, சேசு, யெஷுவா: எது சரியான உச்சரிப்பு?

எல்லாமே சரி. நாசரேத்தில் அவரை அரமேய வாயில் யெஷுவா என்று கூப்பிட்டிருப்பார்கள். புதிய ஏற்பாட்டை எழுதினவர்களே அதைக் கிரேக்கத்துக்கு ஏற்ப ஈயேசூஸ் என்றுதான் எழுதினார்கள். பழைய தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் அது சேசு. சேசு சபை என்ற பேர் அப்படி வந்ததுதான். "கர்த்தர் இரட்சிக்கிறார்" என்ற பொருளுள்ள அந்தப் பேரும் நூனின் குமாரனாகிய யோசுவாவின் பேரும் கிரேக்கத்தில் ஒன்றே. எபிரெய உச்சரிப்பில் சொன்னால்தான் ஜெபம் ஏறும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஸ்கேவாவின் குமாரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிதாவிடம்தான் ஜெபிக்க வேண்டுமா? இயேசுவிடமே நேரே பேசக்கூடாதா?

பேசலாம். கல்லெறியப்பட்டுச் சாகும் நேரத்தில் ஸ்தேவான் "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்றான். "மாரநாதா" ("எங்கள் ஆண்டவரே, வாரும்") என்ற அரமேயக் கூப்பிடுதலைப் பவுல் அப்படியே மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறான். அது இயேசுவை நோக்கியது. யோவான் 14:14-இல் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் "என் நாமத்தினாலே என்னிடத்தில் கேட்டால்" என்றே இருக்கிறது. பிதாவுக்கு, குமாரன் மூலமாக, ஆவியில் என்பது வழக்கமான பாதை. ஆனால் பாதையின் நடுவில் நிற்கிறவரிடம் பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

பிதா கோபக்காரர், இயேசு சிபாரிசு செய்து சமாதானப்படுத்துகிறார் என்றுதானே இதற்கு அர்த்தம்?

நம் ஊரில் காரியம் நடக்க ஆள் பிடித்தே பழகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. எம்.எல்.ஏ.வின் கடிதம் கையில் இருந்தால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். இயேசு இந்த எண்ணத்தை வாய்விட்டே மறுத்திருக்கிறார், அதுவும் நாமத்தைப் பற்றிப் பேசுகிற அதே இடத்தில். என் நாமத்தினாலே வேண்டிக்கொள்வீர்கள், ஆனால் உங்களுக்காகப் பிதாவை நான் கேட்டுக்கொள்வேன் என்று சொல்லவேண்டியதில்லை, ஏனென்றால் "பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார்" (யோவான் 16:26, 27). இந்த வசனத்தை நான் முப்பது வயதுக்கு மேல்தான் ஒழுங்காகப் படித்தேன். அதுவரை பிதா என்றால் தாத்தாவின் கண்டிப்பான முகம்தான் மனதில் இருந்தது.

கத்தோலிக்கர்கள் மாதாவிடமும் புனிதர்களிடமும் வேண்டுகிறார்களே?

அவர்கள் சொல்கிற விளக்கம்: மாதாவிடமும் புனிதர்களிடமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்கிறோம், அதுவும் கிறிஸ்து வழியாகவே போகிறது. சீர்திருத்தச் சபைகள் 1 தீமோத்தேயு 2:5-இன் "மத்தியஸ்தரும் ஒருவரே" என்பதைக் காட்டி அதை ஏற்பதில்லை. நான் இரண்டாவது பக்கம். ஆனால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற என் நண்பனைவிட எனக்கு இயேசு நெருக்கம் என்று சொல்ல மாட்டேன்.

"இயேசுவின் நாமத்தில்" மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிற சபைகள்?

அது வேறு வழக்கு. மத்தேயு 28:19 பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்கிறது, அப்போஸ்தலர் 2:38 இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே என்கிறது; வாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளது. இந்தப் பக்கத்தில் வேண்டாம்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் நடுவில் ஜெபிக்கச் சொன்னால் அந்த வரியைச் சொல்லலாமா?

இடத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியது. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, எங்க பையன் ஆபரேஷனுக்கு நீங்களும் சாமி கும்பிட்டுக்கோங்க" என்றால், நான் என்ன பேரில் ஜெபிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறார்கள். சத்தமாகவே சொல்லலாம். பல மதத்தவர் கூடியிருக்கிற அலுவலகக் கூட்டத்தில், எல்லோர் சார்பிலும் பேசச் சொல்லி ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால், நான் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். வேறு விதமாக நினைக்கிற நல்ல விசுவாசிகளும் இருக்கிறார்கள். வரியை விட்டதால் நாமத்தைவிட்டு வெளியே போய்விட்டோம் என்று ஆகாது என்பதை மட்டும் மேலே பார்த்தோம்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அண்ணாச்சி கடைக் கதையைத்தான் நான் சொல்வேன். இப்போது பிள்ளைகளுக்கு மாதக் கணக்கு தெரியாது. அப்பா போனில் ஜிபே போடுகிறார். ஆகவே கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒரு பயிற்சி. ஜெபத்தை முடிக்கிற வரியை முதலில் சொல்லச் சொல்வேன். "இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன்" என்று ஆரம்பித்துவிட்டு, பிறகு கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும். போன வருடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் அப்படி ஆரம்பித்தான். "இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், நாளைக்கு மேட்ச்சில் எதிர் டீம் பௌலருக்கு..." என்று வந்து நிறுத்திவிட்டான். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "நாளைக்கு மழை பெய்யக்கூடாது, ஆமென்" என்று முடித்தான்.